கேட்டலும் கீழ்ப்படிதலும்: ஓர் ஆஸ்திரிய உழவரின் வழக்கு

முதலாமாண்டு மாணவர்களுக்குத் திருக்குறள் நடத்தும்போது 'கேள்வி' அதிகாரத்தில் ஆண்டுதோறும் ஒரு சிறு குழப்பம் நேரும். "இந்த அதிகாரத்தில் கேள்வியே இல்லையே, சார்" என்று எவனாவது எழுந்து சொல்வான். வள்ளுவர் கேள்வி என்றது செவிவழியாகப் பெறும் அறிவை. வினா என்னும் பொருள்தான் இன்று மேலோங்கி நிற்கிறது என்று விளக்கிவிட்டு நகர்வது என் வழக்கம். சென்ற ஆண்டு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "எங்க வீட்டுல 'சொன்னா கேளு'ன்னு திட்டுவாங்களே சார், அது எந்தக் கேள்வி?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலை வீடு திரும்பிய பிறகும் அந்த வினா என்னை விடவில்லை.

'கேள்' என்னும் ஒரே வேர்ச்சொல் தமிழில் செவிமடுத்தலையும், வினவுதலையும், பணிதலையும் குறிக்கிறது. கிறித்தவத் தமிழில் பெரிதும் வழங்கும் 'கீழ்ப்படிதல்' அப்படிப்பட்டதன்று. அது உடலின் நிலையைச் சொல்லும் சொல். கீழே படிவது, தாழ்ந்து அமைவது. ஆனால் கிறித்தவ மறையின் மூலமொழிகளில் இக்கருத்தைச் சொல்லும் சொற்கள் காதோடு தொடர்புடையவை. எபிரேயத்தில் கேட்டலுக்கும் பணிதலுக்கும் 'ஷமா' என்ற ஒரே வினைதான். கிரேக்கத்து 'ஹூபகோஏ' கேட்டல் என்னும் வேரில் பிறந்தது. இலத்தீனச் சொல்லும் அவ்வாறே. ஜெர்மன் மொழியின் 'கெஹோர்ஸாம்' என்பதிலும் கேட்டலைக் குறிக்கும் 'ஹோரன்' ஒளிந்திருக்கிறது. அந்த மறையைத் தமிழில் பெயர்த்தவர்கள் 'கீழ்ப்படிதல்' என்று எழுதியதில் பிழையில்லை. ஆயினும் செவியிலிருந்த சொல் முதுகுக்கு இடம்மாறிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை எனக்கு உணர்த்தியது ஓர் ஆஸ்திரிய உழவரின் வரலாறு. டெரன்ஸ் மாலிக் 2019-இல் எடுத்த 'எ ஹிடன் லைஃப்' திரைப்படத்தின் வழியாகத்தான் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டரை முதன்முதலில் அறிந்தேன். படத்தில் மலைகள் மிக அழகாக இருந்தன. கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருந்தன. அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்தவற்றைப் படித்தேன். நான் கிறித்தவ மரபில் பிறந்தவனல்லன். ஆயினும் இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்பதை அதன் முழுக் கனத்தோடு எனக்குக் காட்டியவர் இவரே.

*

ஆஸ்திரியாவில், பவேரிய எல்லையாக ஓடும் சால்சாக் ஆற்றங்கரையை ஒட்டியது சங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூர். பிரௌனாவ் மாவட்டத்தைச் சேர்ந்தது. அடால்ஃப் ஹிட்லர் பிறந்த பிரௌனாவ் நகரம்தான் அதன் தலைமையிடம் என்பது வரலாற்றின் குரூரமான விளையாட்டுகளில் ஒன்று. ஃபிரான்ஸ் அவ்வூரில் 1907 மே 20 அன்று பிறந்தார். தாய் ரோசாலியா ஹூபர் ஒரு பண்ணைப் பணிப்பெண். தந்தையும் ஏழை, இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. தந்தை முதல் உலகப்போரில் மாண்டார். தாய் 1917-இல் யேகர்ஷ்டெட்டர் என்ற உழவரை மணந்தார். அவர் சிறுவனைத் தத்தெடுத்துத் தம் பெயரையும் பண்ணையையும் தந்தார்.

இளமையில் ஃபிரான்ஸ் ஒன்றும் துறவி அல்லர். சில காலம் ஐசனேர்ட்ஸ் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஊரிலேயே முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தான். இளைஞர் சண்டைகளில் முன்வரிசையில் நின்றவர். மணமாகாமலே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையுமானார். பின்னாளில் ஊரார் அவரை நினைவுகூர்ந்தபோது, 'நல்ல கலகலப்பான ஆள், கல்யாணத்துக்குப் பிறகுதான் மாறிப்போனான்' என்ற பொருள்படவே பேசினர். அந்தப் பேச்சில் மனைவி மீதான ஒரு குற்றச்சாட்டும் மறைந்திருந்தது. ஃபிரான்சிஸ்கா ஷ்வானிங்கர் பக்தி மிகுந்த பெண். 1936 ஏப்ரல் 9, பெரிய வியாழனன்று இருவருக்கும் திருமணம் நடந்தது. தேனிலவுக்கு ரோம் நகருக்குப் போனார்கள். உழவர் குடும்பங்களில் அது மிக அரிது. அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள். கணவனும் மனைவியும் சேர்ந்து விவிலியம் படித்தார்கள், சேர்ந்து செபித்தார்கள். 1941-இலிருந்து ஃபிரான்ஸ் ஊர்க்கோயிலின் கோயில்பிள்ளையாகவும் இருந்தார். மணி அடிப்பதும், பீடத்தை ஒழுங்கு செய்வதும், அடக்கச் சடங்குகளுக்கு உதவுவதுமான பணி அது.

அதாவது, கீழ்ப்படியும் கத்தோலிக்கருக்கு இலக்கணம் என்று எவரைச் சொல்வோமோ அப்படிப்பட்டவர். இதை நாம் மறக்கலாகாது. அவர் திருச்சபையோடு பிணக்குக் கொண்டவர் அல்லர், புரட்சிக்காரரும் அல்லர். எந்தக் கட்சியிலும் இயக்கத்திலும் அவருக்குத் தொடர்பு இருந்ததில்லை.

*

லின்ஸ் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த யோஹான்னஸ் கிஃபோல்னர் 1933 ஜனவரியில் ஒரு சுற்றுமடல் விடுத்தார். நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான நாஜியாகவும் ஒருசேர இருக்க இயலாது என்பது அதன் சாரம். கோயில்களில் அது வாசிக்கப்பட்டது. அந்த மடலிலும் குறைகள் உண்டு. இனவெறியைக் கண்டித்த அதே கையால் யூதர்களைப் பற்றிய வசைகளையும் ஆயர் எழுதியிருந்தார். ஆயினும் அந்த ஒரு செய்தி தெளிவாக இருந்தது. ஃபிரான்ஸ் அதைக் கேட்டார்.

ஐந்தாண்டுகள் கழிந்தன. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. கர்தினால் இன்னிட்சர் தலைமையில் ஆஸ்திரிய ஆயர்கள் கையெழுத்திட்டு, நாட்டின் இணைப்பை ஆதரித்து வாக்களிக்குமாறு மக்களுக்கு வழிகாட்டினர். ஏப்ரல் 10 அன்று வாக்கெடுப்பு. சங்க்ட் ராடெகுண்டில் 'இல்லை' என்று வாக்களித்தவர் ஒருவர் மட்டுமே. ஊர்த்தலைவர் அந்த வாக்கை மறைத்து, நூற்றுக்கு நூறு ஆதரவு என்று மேலிடத்துக்கு அறிவித்தார். ஃபிரான்ஸைக் காப்பாற்ற அவர் அப்படிச் செய்திருக்கலாம். ஊரின் பெயரைக் காப்பாற்றவும் செய்திருக்கலாம்.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். ஆயர் சொன்னதைக் கேட்பது கத்தோலிக்கரின் கடமை என்றால், எந்த ஆயரை, எந்த ஆண்டில்? 1933-இல் சொன்னதும் திருச்சபைதான். 1938-இல் சொன்னதும் அதே திருச்சபைதான். ஊரார் இரண்டாவதைக் கேட்டார்கள். ஃபிரான்ஸ் முதலாவதை மறக்கவில்லை. அவர் ஆயரை மீறினார் என்பதைவிட, ஆயர்கள் தாமே கைவிட்ட சொல்லை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதுதான் பொருந்தும்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் கண்ட ஒரு கனவைப் பின்னாளில் அவர் எழுதிவைத்தார். மலையைச் சுற்றி ஓர் அழகிய ரயில் வருகிறது. பெரியவர்கள் மட்டுமல்லர், குழந்தைகளும் அதை நோக்கிச் சாரிசாரியாக ஓடுகிறார்கள், தடுக்க முடியவில்லை. அந்த ரயில் நரகத்துக்குப் போகிறது என்று ஒரு குரல் சொல்கிறது. கனவின் வழியே கட்டளை பெறுவது விவிலியத்தில் புதிதன்று. தேம்பாவணியின் தலைவரான வளன், அதாவது சூசையப்பர், அவ்வாறு கட்டளை பெற்றவரே. நற்செய்தி நூல்களில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்பதைத் தேம்பாவணி நடத்தும்போதெல்லாம் மாணவர்களுக்குச் சொல்வேன். கனவில் கேட்கிறார், எழுகிறார், செய்கிறார். அந்தக் கீழ்ப்படிதலின் பயன்களில் ஒன்று ஏரோது மன்னனின் கட்டளைக்குத் தப்பி ஒரு குழந்தையை நாடு கடத்திக் காப்பாற்றியதே ஆகும். பணிவுக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் சூசையப்பரைப் புகழ்வோர் பலர் இப்பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

*

1940 ஜூனில் ஃபிரான்ஸுக்குப் படையில் சேர ஆணை வந்தது. போனார். ஊர்த்தலைவரின் முயற்சியால் சில நாள்களில் திரும்பினார். அக்டோபரில் மீண்டும் அழைப்பு. 1941 ஏப்ரல் வரை பயிற்சி பெற்றார். 1934 ஆகஸ்டு முதல் ஜெர்மானியப் படைவீரர் ஒவ்வொருவரும் எடுக்கவேண்டிய உறுதிமொழி ஒன்றுண்டு. நாட்டுக்கோ அரசியல் சட்டத்துக்கோ அன்று, ஹிட்லர் என்னும் தனிமனிதருக்கு, கடவுளைச் சாட்சியாக வைத்து, நிபந்தனையற்ற கீழ்ப்படிதலை வாக்களிப்பது அது. நிபந்தனையற்ற கீழ்ப்படிதல் இறைவனுக்கு மட்டுமே உரியது என்பது கிறித்தவத்தின் அடிப்படை. அதை இறைவன் பெயராலேயே ஒரு மனிதனுக்கு எழுதிக்கொடுக்கச் செய்தார்கள். இத்தனை பச்சையான விக்கிரக வழிபாட்டைக் கோயில்கள் நிறைந்த ஒரு நாடு எப்படி எளிதாக விழுங்கியது என்பது இன்றும் வியப்பாக இருக்கிறது. படைக்குப் போன பிற இளைஞர்களைப் போல ஃபிரான்ஸும் அந்த உறுதிமொழிக்கு உட்பட்டவரே. அவர் தொடக்கம் முதலே தெளிவுடன் இருந்த வீரர் என்று கதை கட்டுவது அவருக்கே நியாயமாகாது.

பயிற்சிக் காலத்தில், மனநோயாளிகளையும் உடற்குறையுடையோரையும் அரசு கொன்றுவருகிறது என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. லின்ஸ் நகருக்கு அருகே ஹார்ட்ஹைம் மாளிகையில் 1940, 1941 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 18,000 பேர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர் என்பது இன்று வரலாறு. அன்று அது காதும் காதும் வைத்த பேச்சு. 1940 டிசம்பர் 8 அன்று அவர் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். ஊர் திரும்பியபோது, இனி அழைத்தால் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

அடுத்த ஈராண்டுகள்தாம் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. வெளியே பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. பண்ணை வேலை, கோயில் வேலை. இரவில் குறிப்பேடுகளில் எழுதினார். முறையான படிப்பு அதிகம் இல்லாத ஓர் உழவரின் எழுத்து; இலக்கணப் பிழைகள் உண்டு; ஆனால் தருக்கத்தில் பிசகில்லை. போல்ஷெவிக்குகளை எதிர்த்துத் திருச்சபையைக் காக்கும் போர் இது என்று பலரும் சொல்லிவந்தார்கள். அப்படியானால் இரும்பையும் எண்ணெய்க் கிணறுகளையும் விளைநிலங்களையும் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று அவர் எழுதினார். ஓர் உழவர் வேறொருவர் நிலத்தை வளைக்கும் ஆளை அடையாளம் கண்டுகொள்ளப் பெரிய படிப்பு எதற்கு?

எழுதியதோடு நிற்காமல் அவர் கேட்டுக்கொண்டே போனார். ஊரின் பங்குத்தந்தை ஜோசப் கரோபாத் மறையுரை ஒன்றுக்காகக் கைதாகி, பின்னர் ஊரைவிட்டே அகற்றப்பட்டிருந்தார். அவரைத் தேடிப்போய்க் கேட்டார். பாதிரியார் அவருடைய மனத்தை மாற்ற முயன்று, மறைநூலைக் கொண்டே தாம் வாதத்தில் தோற்றதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். புதிதாக வந்த இளம் பாதிரியார் ஃபெர்டினாண்ட் ஃபுர்ட்டாவரும் தடுத்தார். உறவினர்கள் தடுத்தார்கள், தாய் அழுதார். அனைவரும் காட்டியது பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் 13-ஆம் அதிகாரம். ஆளும் அதிகாரங்கள் இறைவனால் ஏற்பட்டவை, ஆதலால் பணிக என்னும் கருத்து அங்கே உள்ளது. ஆட்சியாளர்களுக்கு மிக விருப்பமான விவிலியப் பகுதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். இதே பவுல் ஆட்சியாளரின் சிறைகளில் அடிக்கடி கிடந்தவர் என்பது மேற்கோளோடு சேர்ந்து வருவதில்லை.

இறுதியில், எழுதிய வினாக்களோடு லின்ஸ் நகருக்கே போனார். கிஃபோல்னர் 1941-இல் இறந்துவிட்டார். மறைமாவட்டப் பொறுப்பில் ஜோசப் ஃப்ளீசர் இருந்தார். இந்த அரசு தீயது, இந்தப் போர் அநீதியானது என்று தெரிந்த பிறகு ஒரு கத்தோலிக்கர் இதில் போரிடலாமா என்பதே வினாக்களின் சாரம். குடும்பத்தலைவருக்கு அது பற்றிய பொறுப்பு இல்லை, அது ஆட்சியாளரின் பொறுப்பு என்ற விதத்தில் ஆயர் விடையளித்தார். ஃபிரான்சிஸ்கா வெளியே காத்திருந்தார். கணவர் சோர்ந்து வெளியே வந்ததையும், ஆயருக்குத் துணிவில்லை, பேசினால் தமக்கும் ஆபத்து என்று அஞ்சுகிறார் என அவர் கூறியதையும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வந்திருப்பவர் அரசின் உளவாளியோ என்றுகூட ஆயர் ஐயுற்றிருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

ஆயரைக் கோழை என்று சொல்லிவிடுவது எளிது. சிறையிலும் வதைமுகாமிலும் அப்போது அவருடைய பாதிரியார்கள் பலர் இருந்தார்கள். வாய்தவறிய ஒரு சொல் யாரையும் கொல்லக்கூடிய காலம். ஃபிரான்ஸும் ஆயரைப் பழிக்கவில்லை. ஆயர்களுக்காக மன்றாடவே செய்தார். ஆனால் அவர்களிடமிருந்து விடை வராதபோது, தாம் கேட்டதை மறந்துவிட்டு வீடு திரும்பவும் இல்லை.

*

1943 பிப்ரவரி 23 அன்று மூன்றாவது அழைப்பாணை வந்தது. மார்ச் 1-ஆம் நாள் என்ஸ் நகரப் படைமுகாமுக்குப் போய், போரிட மாட்டேன் என்று அறிவித்தார். காட்டுக்குள் ஓடி ஒளிந்திருக்கலாம். அப்படி ஒளிந்தால் குடும்பத்தைப் பழிவாங்குவார்கள் என்பதால் அதைச் செய்யவில்லை. லின்ஸ் சிறையில் இரண்டு மாதங்கள். பின்னர் மே 4 அன்று பெர்லின் டேகல் சிறைக்கு மாற்றினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற புராட்டஸ்தாந்து இறையியலர் அதே சிறைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார். நம்பிக்கையையும் கீழ்ப்படிதலையும் பிரிக்க இயலாது என்று 1937-இல் நூலெழுதிய பேரறிஞரும், அந்த நூலைப் பார்த்தே இராத உழவரும் ஒரே கூரையின்கீழ் அந்தக் கோடையைக் கழித்தார்கள்.

ஜூலை 6 அன்று படைத்துறையின் உச்ச நீதிமன்றம் அவருக்கு மரணதண்டனை விதித்தது. படையின் போர்த்திறனைக் குலைத்தார் என்பது குற்றம். தீர்ப்பில் ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. பிறரன்பின் பொருட்டு மருத்துவ உதவிப் படையில் பணியாற்ற ஆயத்தமாக இருப்பதாக அவர் கூறியிருந்தார். ஏற்கப்படவில்லை. ஆகவே அவர் மறுத்தது எல்லாவற்றையும் அன்று. குறிப்பிட்ட ஒன்றை மட்டுமே. கண்ணை மூடிய பிடிவாதமாக இருந்திருந்தால் இந்த வரம்பு எங்கிருந்து வந்திருக்கும்?

என் நண்பர்களில் ஒருவர், கிறித்தவர், நல்ல வாசகர், இந்த வரலாற்றைச் சொன்னபோது முகம் சுளித்தார். "மூணு சின்னப் பொண்ணுங்களை விட்டுட்டுப் போறதுக்குப் பேர் பக்தியா?" என்றார். ஊரார் கேட்டதும் இதைத்தான். எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நண்பருக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. சிறைக்கு ஒரு புகைப்படம் வந்தது. மூன்று குழந்தைகளும் நிற்கிறார்கள், அப்பா விரைவில் வரவேண்டும் என்று எழுதிய பதாகையுடன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அந்த அறையில் இருந்தார். மனைவியும் மக்களும் இருப்பது இறைவனுக்கு எதிராக நடப்பதற்கான அனுமதியாகிவிடாது என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். படிக்கக் கடுமையான சொற்கள். ஆனால் அதே கடிதங்களில் பண்ணை வேலைகளைப் பற்றியும் குழந்தைகளின் குறும்புகளைப் பற்றியும் ஓயாமல் விசாரிக்கிறார். அவரிடம் பாசம் குறைந்திருந்தது என்று சொல்ல அக்கடிதங்களைப் படித்த எவராலும் முடியாது. நண்பரின் வினாவுக்கு என்னிடம் இன்றும் முழு விடை இல்லை. மற்ற வீடுகளிலிருந்து போரிடப் போனவர்களும் குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் போனார்கள், அவர்களில் பலர் திரும்பவில்லை, அவர்களை எவரும் இப்படிக் கேட்கவில்லை என்பதை மட்டும் பின்னர் ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

கிறித்தவத் தமிழில் 'தெய்வ பயம்', 'கர்த்தருக்குப் பயப்படுதல்', 'இறையச்சம்' என்றெல்லாம் வழங்கும் சொற்கள் நெடுநாள் எனக்கு உறுத்தலாகவே இருந்தன. அன்பே உருவான கடவுள் என்கிறார்கள், பிறகு எதற்கு அச்சம்? வள்ளுவரும் அச்சத்தை முற்றாக இகழ்ந்தவர் அல்லர் என்பது பின்னரே உறைத்தது. எதற்கு அஞ்சுவது என்பதே அவருக்கு முக்கியம். ஃபிரான்ஸிடம் அச்சம் இருந்தது. கடிதங்களில் அது தெரிகிறது. இறைவன் முன் பொய்யனாக நிற்க நேருமோ என்ற அச்சம் மற்றெல்லா அச்சங்களையும் அவரிடத்தில் சிறியனவாக்கிவிட்டது. ஹிட்லருக்கு அஞ்சிய ஆயர்களும், ஊருக்கு அஞ்சிய உறவினர்களும் அவரை அகந்தையுள்ளவர் என்றார்கள். 'நீ மட்டும் பெரிய பக்திமானா?' என்று கேட்டார்கள். அந்தக் குற்றச்சாட்டுதான் அவரை உண்மையிலேயே அலைக்கழித்தது. தம் முடிவு தற்பெருமையின் விளைவோ, தற்கொலைக்கு நிகரான பாவமோ என்று பலமுறை தம்மையே வினவிக்கொண்டார். டேகல் சிறையின் பாதிரியார் ஹைன்ரிஹ் கிராய்ட்ஸ்பெர்க், ஃபிரான்ஸ் ரைனிஷ் என்னும் ஆஸ்திரியக் குருவானவர் இதே காரணத்துக்காக 1942 ஆகஸ்டில் கொல்லப்பட்டதைச் சொன்னபோது அவர் பெரும் ஆறுதலடைந்தார். ஒரு குருவே இதைச் செய்திருக்கிறார் என்றால் தாம் வழிதவறவில்லை என்று தெளிந்தார். அதுவரை தாம் கேட்டது சரிதானா என்பதை உறுதி செய்துகொள்ள அவருக்கு ஒரு மனிதர்கூட இல்லை.

ஒருவர் இருந்தார். ஃபிரான்சிஸ்கா. முதலில் அவரும் மன்றாடித் தடுத்தவர்தான். எல்லாரும் ஒருசேர எதிர்ப்பதைக் கண்ட பிறகு தடுப்பதை நிறுத்திக்கொண்டார். தானும் கூட நிற்காவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்றாகிவிடும் என்று அதற்குக் காரணம் சொன்னார். ஜூலையில் ஃபுர்ட்டாவர் பாதிரியாரோடு பெர்லின் சென்று கணவரைக் கண்டார். இருபது நிமிடச் சந்திப்பு. அந்த நேரத்திலும் பாதிரியார், மனத்தை மாற்றிக்கொள்ளும்படி வற்புறுத்திக்கொண்டிருந்தார்.

1943 ஆகஸ்டு 9, மாலை நான்கு மணி. பிராண்டன்பர்க் சிறையில் கில்லட்டினால் தலை வெட்டப்பட்டது. வயது 36.

*

நம்மூர் வாசகர்களுக்குத் தேவசகாயம் பிள்ளையின் நினைவு வரக்கூடும். திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பணியாற்றி, கிறித்தவராகி, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்கு எதிரே நின்றவர்கள் வேறு சமயத்தினர். ஆகையால் அவருடைய கதையைத் தம் மக்களுக்குச் சொல்லத் திருச்சபைக்குத் தடையேதும் இல்லை. ஃபிரான்ஸைச் சூழ்ந்து நின்று தடுத்தவர்களோ அவரோடு ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள். அவர் செய்தது சரி என்றால் தாங்கள் செய்தது என்ன? அவர் செத்த பிறகும் இந்த வினா சாகவில்லை.

1946-இல் அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றை மறைமாவட்ட இதழில் வெளியிட முயன்றபோது ஃப்ளீசர் தடைவிதித்தார். ஃபிரான்ஸைத் தீயவர் என்று அவர் சொல்லவில்லை. மனச்சான்று பிழைபட்ட நல்லவர் என்றார். கடமையை நிறைவேற்றிப் போரில் மாண்ட கத்தோலிக்க இளைஞர்களே தமக்குப் பெரிய வீரர்கள் என்றார். ஆயிரமாயிரம் வீடுகளில் மகனை இழந்த தாய்மார்கள் இருந்தார்கள் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். உங்கள் மகன் வீணாகச் செத்தான் என்று எந்த ஆயரால் சொல்ல முடியும்? ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் ஃபிரான்சிஸ்கா. போர்க்கைம்பெண்களுக்கான உதவித்தொகை அவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. அவருடைய பக்திதான் கணவரைக் கொன்றது என்று ஊர் பேசியது. அவர் மாமியாரோடும் மூன்று குழந்தைகளோடும் பண்ணையை நடத்தினார். கோயிலுக்கும் தவறாமல் போய்வந்தார்.

இவ்வரலாற்றை உலகறியச் செய்தவர் கார்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். இரண்டாம் உலகப்போரில் மனச்சான்றின் பேரால் படையில் சேர மறுத்தவர். ஹிட்லரின் போர்களில் ஜெர்மானியக் கத்தோலிக்கர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்று ஆராயப் போனவர், கிராய்ட்ஸ்பெர்க் எழுதிய ரைனிஷின் வாழ்க்கை வரலாற்றில் இந்த உழவரைப் பற்றிய சிறு குறிப்பைக் கண்டார். சங்க்ட் ராடெகுண்டுக்கே சென்று, ஊராரிடம் விசாரித்து, 1964-இல் நூலை வெளியிட்டார். அப்போது இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தது. அங்கே இந்த உழவரின் பெயரை எழுப்பியவருக்கு இந்தியத் தொடர்பு உண்டு. பம்பாயின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ், ஆங்கிலேய இயேசு சபைத் துறவி. இந்தியர் ஒருவர் அந்த இருக்கையில் அமரவேண்டும் என்று 1950-இல் பதவி விலகி வழிவிட்டவர். ஆயர்களின் அறிவுரையை மீறி மனச்சான்றைக் கேட்ட ஒருவரை ஆயர்கள் கூடிய மன்றத்திலேயே சான்றாக வைத்தார் அவர். 1965 டிசம்பர் 7 அன்று சங்கம் வெளியிட்ட ஏடு, கட்டளைக்குக் கண்மூடிப் பணிந்தேன் என்பது குற்றத்துக்குச் சமாதானமாகாது என்ற கருத்தை ஏற்றது; படையில் சேர மறுப்போருக்கு நியாயமான சட்டங்கள் வேண்டும் என்றும் கூறியது.

1997-இல் பெர்லின் நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பைச் செல்லாதென அறிவித்தது. 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ஸுக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. எந்த ஊர் ஆயரிடம் வினாக்களோடு சென்று சோர்ந்து திரும்பினாரோ, அதே ஊர். அவருடைய விழாநாளாக இறந்த நாள் வைக்கப்படவில்லை. மே 21, அவர் குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்ற நாள்.

பட்டமளிப்புத் திருப்பலியில் ஃபிரான்சிஸ்கா இருந்தார், வயது 94. மகள்களும் இருந்தார்கள். சிறையிலிருந்து வந்த கடிதங்களையும் குறிப்பேடுகளையும் அவர் பத்திரமாக வைத்திருந்ததால்தான் ஆய்வாளர் எர்னா புட்ஸ் அவற்றைப் பதிப்பிக்க முடிந்தது. 2013 மார்ச்சில் நூறு வயது நிறைவுற்று, சில நாள்களுக்குள் அவர் காலமானார். கணவரின் சாம்பலை 1946-இல் கன்னியர்கள் பிராண்டன்பர்க்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்தபோது, ஊர்க்கோயிலின் சுவரோரமாக அதைப் புதைத்தார்கள். ஒவ்வொரு முறை கோயிலுக்குப் போனபோதும் அறுபது ஆண்டுகளாக அந்தச் சுவரைக் கடந்துதான் அவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.